நீலம் பார்த்தேன், செல்வி

கியூர்பிப், மொரீஷியஸ்
ஜனவரி 4

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய காலண்டர் 29-ஆம் தேதி வந்து சேர்ந்தது. மூலை மடங்கவில்லை, தகரம் நசுங்கவில்லை. இந்த வருடம் தகரம் அடிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ஆணியில் மாட்டுவதற்கு முன்னால் அந்தத் தகர விளிம்பை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே செய்கிற வேலை வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல். சொல்லாமல் தாங்கிக்கொள்வதுதான் உன் வழக்கம், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். இவருக்கு இரத்த அழுத்த மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். வேறு செய்தி எல்லாம் போனில் சொல்லியாயிற்று. ஒன்றை மட்டும் போனில் சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் நீ "அப்படியா" என்பாய், நான் "ஆமாம்" என்பேன், அதோடு முடிந்துவிடும். அது அப்படி முடிய வேண்டிய விஷயம் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துத் தோழி ஒருத்தியைப் பற்றி முன்பு எழுதினேன், நினைவிருக்கிறதா? மூன்று வருடத்துக்கு முன்னால் கத்ர் போர்னில் தைப்பூசக் காவடியன்று, கோர் த கார்ட் மலையடி முருகன் கோவில் படியில் வெயில் தாங்காமல் உட்கார்ந்திருந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தேனே, அவள்தான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். டிசம்பர் 31 அன்று அவளையும் பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்துக்கொண்டு ரயிலில் போர்ட் லூயி போய்விட்டு, இரவு ரோஸ் ஹில்லில் அக்காவின் மகன் வீட்டில் புத்தாண்டுக்குத் தங்குவது என்று ஏற்பாடு. அக்கா என்று கூப்பிடுகிறேனே தவிர அவருக்கு வயது எழுபத்தைந்து.

நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொள்வதை நீ கேட்கவேண்டும். அக்காவுக்கு இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலும் பிரெஞ்சும். டர்பன்காரிக்கு ஆங்கிலம். நடுவில் நான். மூவருக்கும் பொதுவான தமிழ் என்று பார்த்தால் அது கோவிலிலும் அடுப்படியிலும்தான் இருக்கிறது. அக்கா தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் பாடுவார். கொத்தமல்லியைக் "கொத்தோமிலி" என்பார், ரசத்தை "ரசோன்" என்பார், முருங்கைக் கீரை அவருக்கு "பிரெத் முரூம்". நூற்றைம்பது வருடத்துக்கு மேல் கடல் உப்பில் ஊறியும் அந்தச் சொற்கள் கரையவில்லை. முதன்முதலில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், சந்தையில் ஒரு கிழவி "கொத்தோமிலி" என்று கூவியதைக் கேட்டு நான் அழுதது உனக்குத் தெரியும்.

காலையில் கியூர்பிப்பில் தூறல். நாங்கள் இருப்பது மேட்டு நிலம், கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கும் மேலே. டிசம்பர் இங்கே நல்ல கோடைக்காலம். ஆனாலும் எங்கள் ஊரில் காலையில் தோளில் ஒரு துணி வேண்டும். ரயில் நிலையத்தில் நூறு ரூபாய் நோட்டை நீட்டப்போன டர்பன்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எழுத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும். "இது நம்முடையதா?" என்றாள். ஆமாம் என்று வாசித்துக் காட்டினேன். அந்த நோட்டில் இருக்கும் முகமும் ஒரு தமிழருடையதுதான், ரங்கநாதன் சீனிவாசன். 1998-இல் புதிதாக அடித்த நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டுவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் விடவில்லை. அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அக்கா அந்தக் கதையைச் சொல்லும்போது முதுகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

ரயில் என்று சொன்னால் நீ நம் மதுரைப் பாசஞ்சரை நினைத்துக்கொள்வாய். இது சின்ன ரயில், மின்சாரத்தில் ஓடுவது, தெருவோடு தெருவாகவும் போகும், பாலத்தின் மேலும் ஏறும். 2019-இல் தொடங்கி வைத்தார்கள். முதலில் போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில் வரைக்கும்தான் ஓடியது. 2022-இல்தான் எங்கள் கியூர்பிப் வரை வந்தது. தண்டவாளம் போட்டது நம் நாட்டுக் கம்பெனி. ஆனால் அக்காவுக்கு இது புது ரயில் இல்லை. இந்தத் தீவில் 1864-இலேயே ரயில் ஓடியிருக்கிறது. அடுத்த வருடமே போர்ட் லூயியிலிருந்து கியூர்பிப் மேட்டில் ஏறி மறுபக்கம் மயேபூர் வரைக்கும் இன்னொரு பாதை. 1956-இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள், 1964-இல் சரக்கு ரயிலும் நின்றது. தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். இப்போதைய பாதை பல இடங்களில் அந்தப் பழைய தடத்தின் மேலேயே போகிறது.

அக்காவின் அப்பா அந்தப் பழைய ரயிலில் கரி அள்ளிப் போட்டவர். கடைசியாக அதில் ஏறியபோது அக்காவுக்கு ஆறு வயது. ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் கரித்தூள் விழுந்து, அம்மா முந்தானையைச் சுருட்டி ஊதி ஒற்றியெடுத்தது மட்டும் நினைவிருக்கிறதாம். இப்போது குளிரூட்டிய பெட்டியில், திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாக்வா தாண்டியதும் ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டேன். "இந்த இடத்தில்தான்" என்றார். அறுபத்தொன்பது வருடம் கழித்து ஒரு கண் தன் இடத்தை அடையாளம் கண்டுகொள்கிறது, செல்வி.

இறக்கத்தில் ஒவ்வொரு நிலையமாக வெயில் ஏறிக்கொண்டே வந்தது. ஃபீனிக்ஸில் தூறல் நின்றது. கத்ர் போர்னில் மலை தெரிந்தது. ரோஸ் ஹில்லில் தோளில் போட்டிருந்த துணியை மடித்துப் பைக்குள் வைத்தோம். வழி நெடுக ஃபிளம்பாயான் மரங்கள், நம் ஊர் மயில்கொன்றைக்குப் பெரியம்மா மாதிரி, இலை தெரியாமல் சிவந்து நின்றன. போ பாசென் தாண்டியதும் ஒரு நிலையம், பெயர்ப்பலகையில் "கோரமண்டல்" என்று இருக்கும். நம் சோழமண்டலம்தான் பறங்கிகள் வாயில் அப்படி ஆனது என்பார்கள். நான் எத்தனையோ தடவை அந்த நிலையத்தைக் கடந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கதவு திறந்து மூடும் அந்த அரை நிமிடம் நம் ஊர்ப் பக்கம் ஒரு எட்டு போய்விட்டு வந்த மாதிரி இருக்கும். டர்பன்காரிக்குச் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கதவருகே நின்று பார்த்தாள். பட்டறைகளும் லாரிகளும்தான் தெரிந்தன. "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அவளுடைய முன்னோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். முதல் கப்பல், "ட்ரூரோ", 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் சேர்ந்தது என்பதை அவர்கள் ஊரில் குழந்தைகள்கூடச் சொல்லும் என்றாள். அதனால் போர்ட் லூயியில் அவளை முதலில் ஆப்ரவாசி காட் என்ற பழைய துறைக்கு அழைத்துப் போனேன். 1834-இலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் கரையேறிய இடம். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். பதினாறு கல்படிகள், பழைய கட்டடங்களில் கொஞ்சம் மிச்சம். அவ்வளவுதான் இருக்கிறது பார்ப்பதற்கு. அதைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள், நாங்களும் கழற்றினோம்.

சந்தையில் நிற்க இடம் இல்லை. வருடக் கடைசி நாள் என்றால் தீவே போர்ட் லூயியில்தான் இருக்கும். கொத்துக் கொத்தாக லீச்சி, இலையும் காம்புமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு கொத்து வாங்கினோம். சீனக் கடைத்தெருவில் சிவப்புக் காகிதம் சுற்றிய சரவெடிக் கட்டுகளைப் பார்த்ததும் டர்பன்காரி பணத்தை எடுத்துவிட்டாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். பட்டாசை வைத்துக்கொண்டு ரயிலில் ஏறக்கூடாது என்பது நம் ஊரில் பால்குடி மறக்கும் முன்னே சொல்லிக்கொடுத்த பாடம். அவள் விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்த பிறகு பணத்தைப் பைக்குள் வைத்தாள்.

மாலையில் ரோஸ் ஹில் வந்துவிட்டோம். அக்காவின் மகன் வீடு ஸ்டான்லியில், திரௌபதை அம்மன் கோவில் இருக்கும் பக்கம். சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி: மிளகாய் போட்ட பருப்பு வடை, இங்கே "கதோ பிமா" என்பார்கள், சுடச்சுட, ரொட்டிக்குள் வைத்து. நீ இருந்தால் எட்டு சாப்பிட்டிருப்பாய்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

பதினொன்றரை மணிக்கு அக்காவின் மகன் மாடியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு சரத்தைத் தொங்கவிட்டான். இங்கே புத்தாண்டு பிறக்கும்போது தமிழர், இந்திக்காரர், முஸ்லிம், சீனர், கிரியோல்காரர் என்று வேறுபாடு இல்லாமல் எல்லா வீட்டிலும் வெடி வெடிப்பார்கள். பழைய வருடத்தின் கெட்டதெல்லாம் சத்தத்தில் ஓடிப்போகும் என்பது நம்பிக்கை. அந்தச் சரத்தின் நுனியை நான் கையில் எடுத்தேன். பெட்டியில் சீன எழுத்து. காகிதம் வேறு, நூல் வேறு. ஆனால் விரல் வைத்ததும் பின்னல் தெரிந்துவிட்டது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, திரியை நடுவில் சேர்த்து ஒரு முறுக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பின்னுவோமே, அதே கணக்கு. நீ ஒரு ஆயிரம் வாலாவை முடிக்கும்போது நான் பாதியில் இருப்பேன். இருட்டியதும் உன் அம்மா சீயக்காய்த் தண்ணீரில் நம் இருவர் கையையும் தேய்ப்பார். நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு மட்டும் போகாது.

2018 அக்டோபரில் டெல்லியிலிருந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சரவெடி செய்யக்கூடாது, விற்கக்கூடாது. பேரியம் உப்பைச் சேர்க்கக்கூடாது. அன்றைக்கு நீ போனில் ஒன்றும் பேசாமல் வெகுநேரம் இருந்தாய். எத்தனை வருடம் பின்னினாய் நீ! அந்தக் கைக்கு வேறு என்ன தெரியும் என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. மூச்சு விட முடியாத குழந்தைகளுக்காக வந்த தீர்ப்பு அது. அதைத் தவறென்று சொல்ல எனக்கு நா எழாது. அக்காவுக்கு ஆஸ்துமா, பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பே ஜன்னலை எல்லாம் சாத்தி, ஈரத்துணியைக் கையில் கொடுத்து உள்ளறையில் உட்கார வைத்தோம். வீட்டு நாய் அவர் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். உன் கை சும்மா கிடந்த அந்த ஆறு மாதத்தையும் நான் மறக்கவில்லை. இரண்டும் உண்மைதான், செல்வி. ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்க எனக்கு மனம் இல்லை.

பன்னிரண்டு மணி. முதலில் எங்கோ தூரத்தில் ஒரு சரம். பிறகு பக்கத்துத் தெரு. பிறகு எங்கள் வாசல். பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. தீவு முழுக்க ஒரே சரம். கோர் த கார்ட் மலை ஒவ்வொன்றையும் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. டர்பன்காரி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் காதைப் பொத்தவில்லை. ஏழு வருடமாக நம் ஊரில் பின்னத் தடை இருக்கும் சத்தம் அது. முழுதாகக் கேட்கவேண்டும் என்று நின்றேன். உனக்கு அப்போது இரவு ஒன்றரை, அங்கே புத்தாண்டு பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், நீ தூங்கிக்கொண்டிருந்திருப்பாய்.

சத்தம் அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. மொட்டைமாடியில் முழங்கால் உயரத்துக்குப் புகை. எல்லோரும் கட்டிப்பிடித்து முத்தமிட்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது மேற்கே, கடல் பக்கத்தில், வாணங்கள் எழும்ப ஆரம்பித்தன. ஃபேன்சி ரகம்தான். உயரப் போய், ஒரு நொடி நின்று, பிறகு விரிகிறது. சிவப்பு, பச்சை, பொன்னிறம். பார்த்தால் உன் அப்பாவின் குரல் கேட்காமல் இருக்குமா? "சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், இதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும். தாமிரம் மட்டும் கேட்காது." விடியற்காலை வெயிலுக்கு முன்னால் மருந்து கலந்துவிட்டு, பத்து மணிக்கு வேலை முடிந்து வந்து, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து நமக்குச் சொல்வார். சூடு ஏறினால் நீலம் வெளுத்துவிடும். சூட்டைக் குறைத்தால் எரியும், ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகக் கலந்து கண்ணுக்குத் தெரியாது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலிழை இருக்கிறது என்பார். ஒவ்வொரு வருடமும், நிறம் தருகிற மணி மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். வெளிர் ஊதா வந்தது, சாம்பல் வந்தது. தீபாவளிக்கு முன்னால் ஆலைக்குப் பின்னாலிருந்த பொட்டலில் விட்டுப் பார்க்க நம்மையும் அழைத்துப் போவார். மேலே விரிந்ததும் அவர் வானத்தைப் பார்க்கமாட்டார், நம் இருவர் முகத்தைத்தான் பார்ப்பார். நாம் உதட்டைப் பிதுக்குவோம். "சரி, அடுத்த வருடம்" என்பார்.

மருந்து கலந்தவர் தன் கட்டிலில் படுத்துச் செத்தது பெரிய கொடுப்பினை என்று சாவு வீட்டில் உன் அம்மா சொன்னார். நம் தெருவில் இருந்தவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

செல்வி, நீலம் பார்த்தேன்.

ஊதா இல்லை. வெளிறியதும் இல்லை. நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய மைப்புட்டி நீலம். உருண்டையாக விரிந்து, ஓரம் வரைக்கும் அதே நிறமாக இருந்து, கீழே இறங்கும்போதும் மாறாமல், அணையும் வரை நீலமாகவே அணைந்தது. நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். அக்காவின் மகன் ஏதோ தீப்பொறி பட்டுவிட்டது என்று ஓடிவந்தான். அதற்குள் இரண்டாவது போயிற்று. பிறகு மூன்றாவது. அதற்குப் பிறகு வரவில்லை, பொன்னிறமாகவே விட்டார்கள். டர்பன்காரி என்ன என்று கேட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? "என் தோழியின் அப்பா" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன், முடிக்க வரவில்லை. அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். உள்ளறையிலிருந்து அக்கா, என்ன ஆயிற்று என்று கிரியோலில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

யார் கலந்த மருந்தோ. சீனாவில் எந்த ஊரில், விடியற்காலையில் எழுந்து, எத்தனை வருடம் முகம் பார்த்து முகம் பார்த்துக் கண்டுபிடித்தாரோ. அவருக்கும் பெண் குழந்தை இருந்திருக்கும்.

மறுநாள் மாலை ரயிலில்தான் திரும்பினோம். அக்கா தூங்கிவிட்டார், டர்பன்காரி லீச்சி உரித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் உன் பழைய காலண்டரில் கடைசித் தாளைக் கிழித்தேன். அதன் பின்பக்கத்தில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். "நீலம். மூன்று. நள்ளிரவு 12.17-லிருந்து 12.20-க்குள். ரோஸ் ஹில் மாடியிலிருந்து மேற்கே. ஓரம் வரை மாறவில்லை." அப்பாவின் நோட்டில், தாமிரம் என்று தலைப்புப் போட்டுத் தேதி தேதியாக எழுதி, பாதியில் விட்ட பக்கம் இருக்கும். அவருடைய கடைசித் தேதிக்குக் கீழே இந்தத் தாளை ஒட்டிவிடு. சோற்றுப் பருக்கை வேண்டாம், எறும்பு வரும். அச்சாபீஸ் பசை போட்டு ஒட்டு.

கால் தைலம் இரண்டு புட்டி, அடுத்த மாதம் மதுரைக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ராத்திரியில் தடவிக்கொள். பதில் எழுது, போன் செய்யாதே.

அன்புடன்,
மாரீஸ்வரி